ஏட்டில் ஏறிய ஊர்கள்: தாம்பரம் வட்டாரத்தின் இடப்பெயர்ப் பதிவுகள்

ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எவ்வகை இடம், எங்கே அமைந்துள்ளது என்று கூறும் நூலை ஆங்கிலேய ஆட்சியினர் 'கெசட்டியர்' என்று அழைத்தனர். அந்த நூல் இன்று அச்சை விட்டு நீங்கிக் கணினிக்குள் குடியேறி, கைப்பேசியில் வழி தேடுபவருக்கும் பார்சல் கொண்டுவருபவருக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஆதாரமாகிவிட்டது. கலிஃபோர்னியாவின் அலெக்சாண்ட்ரியா மின்னூலகத் திட்டத்தில் 1990களில் பணியாற்றிய லிண்டா ஹில், இத்தகைய மின்பட்டியலின் ஒவ்வொரு பதிவுக்கும் பெயர், வகை, நிலத்தில் அதற்குரிய இருப்பிடம் ஆகிய மூன்று கூறுகள் இன்றியமையாதவை என்று வரையறுத்தார். தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரையும் பொறுத்தவரை, இந்த மூன்றும் ஒரே கையிலிருந்து வந்த காலம் அரிது. பெயரை ஊரார் அறிந்திருந்தனர். இருப்பிடத்தை அளப்பவர் அறிந்திருந்தார். அது ஊரா, பேட்டையா, நகரா என்னும் வகையை அலுவலகம் முடிவு செய்தது. பொதுமக்களே இணையப் பட்டியலைத் திருத்தும் இன்றைய முறை முற்றிலும் புதியது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், பதிவுகளைப் பின்தொடர்ந்து சென்றால், ஊராரின் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதுவதே இவ்வட்டாரத்தின் பழைய வழக்கம் என்பதும், இருபதாம் நூற்றாண்டில் அது அறுபட்டதே விதிவிலக்கு என்பதும் தெரியவரும்.

சோழர் காலத்தில் பல்லாவரம், திரிசூலம் பகுதியிலிருந்த ஊர்கள் ஜெயங்கொண்ட சோழ மண்டலத்துப் புலியூர்க் கோட்டத்துச் சுரத்தூர் நாட்டைச் சேர்ந்தவையாகக் கல்வெட்டுகளில் சுட்டப்படுகின்றன. மண்டலம், கோட்டம், நாடு, ஊர் என்று படிப்படியாக இறங்கும் இந்த முறை வெறும் நிர்வாக அலங்காரம் அன்று. பாக்கம், சேரி, மங்கலம் என்று முடியும் ஒரே பெயர் பல இடங்களில் வழங்கிய தொண்டை மண்டலத்தில், எந்த ஊர் என்ற ஐயத்துக்கு இடமின்றிச் செய்வதற்கு அதைவிடச் சிக்கனமான வழி இருந்திருக்க முடியாது. ஊரின் எல்லை எவ்வாறு உறுதி செய்யப்பட்டது என்பதையும் அக்கால ஆவணங்கள் விரிவாகவே கூறுகின்றன. பழையனூரைக் கோயிலுக்கு வழங்கிய முதலாம் இராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905இல் கண்டெடுக்கப்பட்டன. அரசாணை வந்ததும் நாட்டார் கூடி, பெண் யானை ஒன்றை எல்லை வழியே நடத்தி, அதன் பின்னே தாமும் நடந்து, எதிர்ப்படும் வாய்க்காலையும் மேட்டையும் அண்டை ஊரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, கல்லும் கள்ளியும் நட்டு, அதனை எழுதிக் கையொப்பமிட்ட நடைமுறையை அவற்றால் அறிய முடிகிறது. இதில் கவனிக்கத்தக்கது யானை அன்று. எல்லையைச் சொன்னவர்கள் அந்த நாட்டிலேயே வாழ்ந்தவர்கள் என்பதும், ஒருவர் சொன்னதைப் பிறர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது பதிவானது என்பதும், தவறாகச் சொல்லியிருந்தால் பக்கத்து ஊரார் அங்கேயே மறுத்திருப்பர் என்பதுமே இதன் சாரம். தகவல் தருவதும் அதைச் சரிபார்ப்பதும் ஒரே நடையில் நிகழ்ந்தன.

அரசு இட்ட பெயரும் மக்கள் வழங்கிய பெயரும் வேறுபடுவது அக்காலத்திலும் உண்டு. இன்றைய வேளச்சேரி, தினசிந்தாமணிச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயருடன் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. நீண்ட அந்தப் பெயர் கல்லிலேயே தங்கிவிட, வழக்கிலிருந்த பெயர் வென்றது. 1886இல் ஹுல்ட்ஸ் கல்வெட்டறிஞராக அமர்த்தப்பட்ட பின் இத்தகைய பெயர்கள் படியெடுக்கப்பட்டு நூலேறத் தொடங்கின, வி. ரங்காசாரியார் 1919இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சென்னை மாகாணக் கல்வெட்டுகளின் இடவாரிப் பட்டியலை, அதன் ஆசிரியர் அப்படி எண்ணியிராவிட்டாலும், பழம்பெயர்களுக்கான கெசட்டியராகவே பயன்படுத்தலாம். இருந்தும் இன்றைய இணையப் பட்டியல்களில் ஒரு சில ஊர்களுக்கே இந்தப் பழம்பெயர்கள் இணைக்கப்பட்டுள்ளன.

ஊரார் சொல்லைத் திரட்டிய அடுத்த பெருமுயற்சி பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி 1763இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார்; ஜாகீர் என்பது வரிவருவாயை அனுபவிக்கும் உரிமையுடன் அளிக்கப்படும் நிலப்பகுதி. தனக்குக் கிடைத்தது எவ்வளவு என்று தெரியாத கம்பெனி, தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளரை அமர்த்தி, 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளவிடச் செய்தது. அளந்தவர் ஆங்கிலேயர் என்றாலும் உள்ளடக்கத்தைத் தந்தவர்கள் அந்தந்த ஊர்க் கணக்குப்பிள்ளைகளே. அவர்கள் பனையோலையில் தமிழில் எழுதிய கணக்குகளின் ஒரு பகுதி இன்றும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையம் வரலாற்றாய்வாளர் தரம்பாலின் தூண்டுதலால் இந்த ஆவணங்களைத் தேடிப் படித்து, திருப்போரூர் உள்ளிட்ட ஊர்களின் கணக்குகளை நூலாக வெளியிட்டது. ஓர் ஊருக்கு எத்தனை வீடுகள், எந்தத் தொழிலார் எத்தனை குடும்பம், மலை, காடு, ஏரி, தோட்டம், நன்செய், புன்செய் எவ்வளவு, விளைச்சலில் எந்தக் கோயிலுக்கும் எந்தப் பணியாளுக்கும் எவ்வளவு பங்கு என்னும் அளவுக்கு அவை விரிந்து செல்கின்றன. பெயர், வகை, இருப்பிடம் என்ற மூன்று கூறுகளில் முதலிரண்டையும் இத்துணை நுணுக்கமாகப் பதிந்த ஆவணம் இவ்வட்டாரத்துக்குப் பிற்காலத்திலும் வாய்க்கவில்லை என்று சொல்வது மிகையாகாது.

அந்தக் கணக்குப்பிள்ளைகளை நடுநிலைச் சாட்சிகளாகக் கொள்ள இயலாது என்பதையும் உடன் கூற வேண்டும். வரி குறைய வேண்டுமென்றால் நிலத்தைக் குறைத்துச் சொல்வதும், மிராசுதாரர்களின் பக்கம் சாய்வதும் அவர்களுக்கு எளிது. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேசின் 1799ஆம் ஆண்டு அறிக்கையில் இத்தகைய ஐயங்கள் நிறைய உண்டு. இன்னொரு குறை இதனினும் ஆழமானது. எல்லைத் தகராறு எழுந்தபோது எல்லையை நடந்து காட்டும் பொறுப்பு வெட்டியான் என்னும் ஊர்ப்பணியாளரிடம் இருந்ததைக் காலனியக் கால எழுத்தாளர்கள் பலர் குறித்துள்ளனர். ஊரின் நிலத்தை அங்குலம் அங்குலமாக அறிந்திருந்த அவர்களுடைய குடியிருப்போ, வருவாய்க் கணக்கில் பெரும்பாலும் தனிப்பெயரின்றி ஊரின் சேரி என்று மட்டுமே நின்றது. தகவலின் ஊற்று ஓரிடத்தில், பதிவின் பெருமை வேறிடத்தில் என்ற இந்த ஏற்பாட்டின் எச்சம் பின்னர் 'காலனி' என்ற பெயரொட்டாக நீடித்தது. அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கும் அறிவிப்பு 2025 ஏப்ரலில்தான் சட்டமன்றத்தில் வெளியானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இருப்பிடத்தின் நூற்றாண்டு. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பின்னர் இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிணைத்த பெரும் முக்கோண அளவையின் தொடக்கப் புள்ளி அதுவே. உலக அளவையியல் வரலாற்றில் தாம்பரம் வட்டாரத்துக்கு இதனால் ஒரு தனி இடம் உண்டு. ஏறக்குறைய அதே காலத்தில் நில அளவையாளர் காலின் மெக்கன்சி, காவலி சகோதரர்கள் முதலிய உதவியாளர்களைக் கொண்டு ஊர் ஊராக வரலாறுகளை எழுதி வாங்கினார். கைபீது எனப்படும் அந்த ஊர்வரலாறுகளில் பல இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. துல்லியமான அளவும் ஊரார் சொல்லும் ஒருங்கே கிடைத்திருந்த அந்தச் சில பத்தாண்டுகளில் இரண்டையும் இணைத்து ஒரே பட்டியல் செய்திருக்கலாம். அது நடக்கவில்லை, கைபீதுகள் சுவடிக் கட்டுகளாகவே கிடக்க, அளவைப் படங்கள் தனி வழியில் சென்றன.

சார்லஸ் ஸ்டூவர்ட் குரோல் 1879இல் வெளியிட்ட செங்கல்பட்டு மாவட்டக் கையேடும், காலனிய அதிகாரி ஹண்டரின் திட்டத்தில் வளர்ந்து 1908ஆம் ஆண்டளவில் 26 தொகுதிகளாக வந்த இம்பீரியல் கெசட்டியரும் இந்தக் காலத்தின் பட்டியல்கள். இவற்றில் அன்றைய சைதாப்பேட்டை வட்டத்துச் சிற்றூர்கள் பெரும்பாலானவற்றுக்கு இடமில்லை. படைமுகாம் இருந்ததால் பல்லாவரமும் பரங்கிமலையும் இடம்பெற்றன. அரசுக்கு எது முக்கியமோ அதுவே ஊர் என்ற கணக்கு.

ஆனால் புறநகரின் பெயர்களை உண்மையில் மாற்றியது எந்தப் பட்டியலும் அன்று, ரயில். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931 மே மாதத்தில் ஓடத் தொடங்கிய பின், நிலையத்தின் பெயர்ப்பலகையில் இருப்பதே சுற்றுவட்டாரத்துக்குப் பெயராயிற்று. பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று அந்தத் தடத்திலும் அதன் நீட்சியிலும் இன்றுள்ள நிலையங்களின் வரிசையை ஒப்பிக்கத் தெரியாதவர் இப்பகுதியில் குறைவு. இவற்றுள் குரோம்பேட்டை, குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் இருபதாம் நூற்றாண்டில் பிறந்த பெயர். ஜமீன் பல்லாவரம், ஈச பல்லாவரம் போன்ற வருவாய்க் கிராமப் பெயர்கள் ஏட்டில் தொடர, மக்கள் வாயில் குரோம்பேட்டையே நிலைத்தது. சானடோரியம், மருத்துவர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது; மருத்துவமனை 1937இல் அரசின் கைக்கு மாறி, பின்னர் பெயரும் மாறிவிட்ட போதிலும், ரயில் நிலையத்தின் பெயரில் பழைய சொல் உயிரோடிருக்கிறது. பழவந்தாங்கலின் கதை வேறு: நங்கநல்லூர் பெரிதாக வளர்ந்து எல்லோருக்கும் தெரிந்த பெயரான பின்பும் அதற்குரிய நிலையம் பழவந்தாங்கலாகவே நின்றது. பெயர் ஓரிடத்தில், அதைத் தேடுபவர் இறங்க வேண்டிய நிலையம் வேறு பெயரில் என்னும் இத்தகைய இரட்டைத் தன்மையை அகரவரிசைப் பட்டியல் ஏற்கத் திணறுகிறது.

வாய்ச்சொல்லும் ஏடும் முற்றாகப் பிரிந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்களில் தாம்பரம் இடம்பெறும் தாளின் எண் 66 டி/1. பாதுகாப்புக் காரணங்களுக்காக, கடற்கரையிலிருந்தும் நாட்டு எல்லையிலிருந்தும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வரையிலான பகுதியின் விரிவான தாள்கள் நெடுங்காலம் தடைசெய்யப்பட்டவையாக இருந்தன. தாம்பரமோ கடலிலிருந்து 15 கிலோமீட்டர் அளவிலேயே உள்ளது, விமானப்படைத் தளமும் அங்கே இருக்கிறது. தம் ஊரின் அரசு வரைபடத்தைப் பார்க்க இயலாதவர், அதிலுள்ள பெயர்ப் பிழையைத் திருத்தச் சொல்லியிருக்க வழியேயில்லை. 2005ஆம் ஆண்டுத் தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கான தனி வரிசையொன்றை ஏற்படுத்தியது. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள் கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தின. அதற்குள் டிடி மேப்ஸ், ஐஷர் போன்ற தனியார் நிறுவனங்களின் அச்சு வரைபடங்களே நகரவாசிக்குத் துணையாயின.

இதே இடைவெளியில் ஊர்க்கணக்கும் கைமாறியது. தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, தேர்வின் வழி அமர்த்தப்படும் கிராம நிர்வாக அலுவலர்கள் அவ்விடத்துக்கு வந்தனர். பிறப்பால் கிடைத்த அதிகாரத்தை முடித்துவைத்த அந்த நடவடிக்கையின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும், எந்த மடைக்கு என்ன பெயர், எந்த மேடு எந்தத் தாங்கலைச் சேர்ந்தது என்று ஏடு பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள் அதோடு விலகினர். சரியாக அந்தப் பத்தாண்டுகளில்தான் சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் பகுதிகளின் வயல்கள் மனைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் ஒரு நகர் என்று புதுப்பெயர்கள் குவிந்தன. காந்தி, பாரதி, அண்ணா, ராஜாஜி ஆகியோரின் பெயர்கள் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் திரும்பத் திரும்ப வந்தன. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்கள் இந்தக் குழப்பத்துக்கு ஓரளவு அணை போட்டன: மேற்குத் தாம்பரம் 600045, கிழக்குத் தாம்பரம் 600059, குரோம்பேட்டை 600044, சேலையூர் 600073. ஒரே பெயருள்ள இரு தெருக்களைப் பிரித்தறிய அஞ்சல்காரர்கள் கையாண்ட இந்த எண்கள், புலியூர்க் கோட்டத்துச் சுரத்தூர் நாடு என்ற பழைய அடைமொழி செய்த வேலையையே செய்தன.

மின்பட்டியல்கள் வந்தபோது இந்த உள்ளூர் ஆவணங்கள் எதுவும் அவற்றுக்கு அடிப்படையாகவில்லை. அயல்நாட்டு வரைபடங்களைப் படிக்கும் தேவைக்காக அமெரிக்க அரசு இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து உலக ஊர்ப்பெயர்களைத் தொகுத்து வந்தது. பின்னர் அது ஜியோநெட் என்ற பெயரில் இணையத்தில் வெளியாயிற்று. மார்க் விக் 2005இல் தொடங்கிய ஜியோநேம்ஸ் என்னும் பட்டியல், அதையும் வேறு பல தொகுப்புகளையும் ஒன்றாக்கி யாரும் இலவசமாக எடுத்தாளத் தந்தது. அமெரிக்கத் தொகுப்பில் பல ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பாகையின் அறுபதில் ஒரு கூறாகிய கலை அளவுக்கே குறிக்கப்பட்டிருந்தன. அட்சரேகையில் ஒரு கலை என்பது நிலத்தில் சுமார் 1.85 கிலோமீட்டர், ஆகவே முழுக்கலைக்குச் சுருக்கி எழுதப்பட்ட புள்ளி, தான் குறிக்கும் ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேலும் விலகி நிற்க இடமுண்டு. பத்து மைலுக்கு ஓர் ஊர் உள்ள நாட்டுக்கு இந்த அளவு போதும். சேலையூரும் ராஜகீழ்ப்பாக்கமும் செம்பாக்கமும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் வட்டாரத்தில் ஓர் ஊரின் புள்ளி அடுத்த ஊரின் நடுவே போய் உட்கார்ந்துவிடும்.

எழுத்தால் வந்த சிக்கல் இதைவிடப் பெரியது. தமிழில் ஐயமின்றி எழுதப்பட்ட பெயர் முதலில் உரோமன் எழுத்துக்கு மாறி, அங்கே ல, ள, ழ ஆகிய மூன்றும், ர, ற ஆகிய இரண்டும், ந, ன, ண ஆகிய மூன்றும் வேறுபாடிழந்து, பின்னர் கணினி நிரலால் மீண்டும் தமிழுக்குத் திரும்பும்போது அனகாபுத்தூர் 'அணகாபுதூர்' என்றும் சேலையூர் 'செலையுர்' என்றும் உருத்திரிய வழி ஏற்படுகிறது. உள்ளூர்ச் சிறுவன் ஒருவன் பார்த்த மாத்திரத்தில் சிரிக்கும் பிழையை, எத்தனை அதிகாரபூர்வமான நிரலும் தானாகக் கண்டுகொள்ளாது. இதை 2020ஆம் ஆண்டு நிகழ்ச்சி நன்கு விளக்குகிறது. தமிழ் ஒலிப்புக்கேற்ப 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியான அரசாணை, பரவலான ஏளனத்துக்கும் எதிர்ப்புக்கும் உள்ளாகி, அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. மாவட்டக் குழுக்கள் கூடி ஆராய்ந்தே அந்தப் பட்டியல் உருவாகியிருந்தும், பெயரை அன்றாடம் எழுதுபவர்கள் அதை முதன்முறையாகப் பார்த்தது ஆணை வெளிவந்த பிறகுதான். தமிழ் வடிவத்தை மூலமாக வைத்து, உரோமன் வடிவங்கள் அனைத்தையும் துணைப்பெயர்களாக ஏற்கும் மின்பட்டியல் இருந்திருந்தால், எது சரியான ஆங்கில எழுத்துக்கூட்டல் என்ற பூசலுக்கே இத்துணை வேகம் பிறந்திராது.

பயனர் பங்களிப்பு என்ற முறை இந்தச் சூழலில்தான் நுழைந்தது. புவியியலாளர் மைக்கேல் குட்சைல்டு 2007இல் இதற்குத் தன்னார்வப் புவியியல் தகவல் என்று பெயரிட்டார். துறைப் பயிற்சி இல்லாத பொதுமக்கள் தாமாக முன்வந்து தரும் இடம்சார் செய்தி என்பது அதன் பொருள். ஸ்டீவ் கோஸ்ட் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இதன் முதன்மையான எடுத்துக்காட்டு. அதில் ஓர் இடத்துக்கு வழக்குப்பெயர், தமிழ்ப்பெயர், ஆங்கிலப்பெயர், மாற்றுப்பெயர், பழம்பெயர் என்று தனித்தனி அறைகள் உண்டு. ஒவ்வொரு திருத்தமும் யார், எப்போது செய்தது என்பதோடு சேமிக்கப்படுகிறது. பிறர் உரிமையுள்ள வரைபடத்திலிருந்து பெயரை எடுக்கக் கூடாது, களத்தில் காணப்படும் பெயரே செல்லும் என்பன அதன் விதிகள். இந்தியாவில் 2008ஆம் ஆண்டளவில் பரவிய கூகுள் மேப் மேக்கரும் பொதுமக்களிடமிருந்து பெயர்களையும் சாலைகளையும் திரட்டியது. அந்நிறுவனம் 2013இல் நடத்திய வரைபடப் போட்டி உரிய அனுமதியின்றி நடந்ததென நில அளவைத் துறை புகார் கொடுத்தது. 2017 மார்ச்சில் மேப் மேக்கர் மூடப்பட்டது. இரு முயற்சிகளுக்கும் இடையே உழைப்பில் வேறுபாடில்லை, உடைமையில் வேறுபாடுண்டு: முன்னதில் ஊரார் தந்த பெயர் யாரும் எடுத்தாளக்கூடிய பொதுச்சொத்தாக நின்றது, பின்னதில் நிறுவனத்தின் கிடங்கில் சேர்ந்தது. கணக்குப்பிள்ளைகளின் ஓலைகள் கம்பெனியின் வரிக்கணக்காக மாறிய கதையை அறிந்தவருக்கு இது வியப்பளிக்காது.

2015 டிசம்பர் வெள்ளம் இந்த முறையின் வலிமையைக் காட்டியது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்றின் நீர் முடிச்சூர், வரதராஜபுரம் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. எந்தத் தெரு நீரில் மூழ்கியுள்ளது என்பதை மக்களே ஒரு வரைபடத்தில் சொடுக்கிக் குறிக்கும் ஏற்பாட்டைத் தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்டு அப்போது அமைத்தனர். தெருக்கோடுகள் முன்பே வரையப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது. ஆனால் மீட்புக்கு வந்தவர்கள் கேட்டது கோடுகளை அன்று, பெயர்களை. ஒரே பெயருள்ள நகர்கள் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் முதல் தெரு, இரண்டாம் தெரு என்ற முகவரி யாருக்கும் உதவாது.

சரிபார்ப்புக்கு என்ன வழி என்ற கேள்வி இங்கே எழுகிறது. குட்சைல்டும் லின்னா லீயும் 2012இல் எழுதிய கட்டுரை மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டியது: பலர் பார்ப்பதால் பிழை தானே களையப்படுவது, நம்பிக்கை பெற்ற சில மூத்த பங்களிப்பாளர்கள் மேற்பார்வை செய்வது, புவியியல் பொருத்தத்தைக் கொண்டு சோதிப்பது, அதாவது ரயில் நிலையம் தண்டவாளத்தின் மேல் இருக்க வேண்டும், ஏரியின் பெயர் மேட்டில் நிற்கக் கூடாது என்பது போன்ற விதிகளை நிரலாக்குவது. புறநகரில் முதல் வழி சமமாக வேலை செய்வதில்லை. மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், தாம்பரம் ரயில் நிலையம் போன்ற இடங்களை ஆயிரம் கண்கள் பார்க்கின்றன. அகரம்தென் சாலையில் உள்ளொடுங்கிய ஒரு மனைப்பிரிவின் பெயரை இருவர் மூவர் பார்த்தாலே அதிகம். பார்க்கும் கண்களுக்குள்ளும் நோக்கம் உண்டு: மனை விற்பவர்கள் படப்பைக்கு அப்பாலுள்ள நிலத்தையும் தாம்பரத்துக்கு மிக அருகில் என்றே விளம்பரம் செய்கின்றனர், அந்த விளம்பரப் பெயரும் ஒரு நாள் பங்களிப்பு என்ற பெயரில் வரைபடத்தில் ஏறிவிடுகிறது. வரி குறையப் பொய் சொன்ன மிராசுதாரரும் விலை ஏறப் பெயரை நீட்டும் தரகரும் ஒரே மரபினர் என்று கொள்ளத் தடையில்லை. பெண் யானையின் பின்னே நடந்த நாட்டாரிடம் இருந்து இன்று இல்லாதது, சொல்லப்பட்ட கணத்திலேயே மறுக்கக்கூடிய அண்டை ஊரார்தான்.

மூன்றாம் வழியை ஓர் ஆவணத்தை மற்றோர் ஆவணத்தோடு பொருத்திப் பார்ப்பதாகவும் விரித்துக்கொண்டால், அது இவ்வட்டாரத்துக்கு மிகவும் ஏற்றது. ஏனெனில் இங்கே ஒரு பெயர் ஒரே பொருளைக் குறிப்பது அரிது. தாம்பரம் என்பது வருவாய்க் கிராமம், வட்டம், ரயில் நிலையம். 2021 நவம்பர் முதல் மாநகராட்சி. 2022 முதல் காவல் ஆணையரகம். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளும் இணைந்து 70 வார்டுகளுள்ள மாநகராட்சியானபோது, பல்லாவரத்துக்காரர் ஒருவர் தாம் தாம்பரத்தில் குடியிருப்பதாக ஒரே நாளில் ஏட்டளவில் மாறினார், பேச்சில் மாறவில்லை. வகை என்ற இரண்டாம் கூறைத் துல்லியமாகப் பிரித்து, நிலையத்துக்கு ஒரு பதிவு, மாநகராட்சிக்கு ஒரு பதிவு, மக்கள் வழக்கிலுள்ள பகுதிக்கு இன்னொரு பதிவு என்று வைப்பதே இதற்குத் தீர்வு; ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் ஜியோநேம்ஸிலும் அதற்கான வகைக்குறிகள் தயாராக இருக்கின்றன. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புறநகர்ப் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு எழுந்த குழப்பம் வேறு வகையானது. பழைய மகாபலிபுரம் சாலையில் கேளம்பாக்கம் இருக்கிறது. கிளாம்பாக்கத்தின் அருகிலிருந்து அங்கே செல்லும் சாலைக்கு வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை என்றே பெயர். உரோமன் எழுத்தில் இரு பெயர்களும் ஓர் உயிரெழுத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழில் எழுதியிருந்தால் யாரும் தடுமாறத் தேவையில்லாத இடம் இது.

கேம்ப் ரோடு, மகாலட்சுமி நகர், காமராஜபுரம், சந்தோஷபுரம் என்று பேருந்து நடத்துநர் சொல்லும் பெயர்கள் பங்களிப்பாளர்களால் பெரும்பாலும் வரைபடத்தில் ஏறிவிட்டன. உணவகங்களும் ஏடிஎம் மையங்களும் அவற்றினும் விரைவாக ஏறின. ஏறாமல் நிற்பவை நீரின் பெயர்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பை நோக்கியும், பீர்க்கன்கரணை, இரும்புலியூர் ஏரிகளின் நீர் மேற்கே அடையாற்றை நோக்கியும் வழிகின்றன. ஏரிகளுக்குப் பெயர் இருக்கிறது. அவற்றை இணைத்த கால்வாய்களுக்கும், கலங்கல் எனப்படும் மிகைநீர்ப் போக்கிகளுக்கும், மதகுகளுக்கும், மனைகளுக்கு நடுவே தூர்ந்துபோன தாங்கல்களுக்கும் வரைபடத்தில் பெரும்பாலும் பெயரில்லாத நீலக்கோடு மட்டுமே உண்டு, சில இடங்களில் கோடும் இல்லை. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் இவற்றுள் பல புல எண்ணோடு புறம்போக்காகக் குறிக்கப்பட்டுள்ளன. அந்த நிலங்களில் உழுத முதியவர்கள் சிலர் மாடம்பாக்கத்திலும் வேங்கைவாசலிலும் இன்னும் பெயர் சொல்லக்கூடியவர்களாக இருக்கின்றனர். ஏடும் வாய்ச்சொல்லும் இன்றுவரை இரண்டு இடங்களில்தான் இருக்கின்றன. 66 டி/1 தாளைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்களோடு ஏரிக்கரையில் நடப்பதற்கு இப்போது சட்டத்தடை ஏதுமில்லை.